சுகம் பார்த்தால் சுத்தம் வராதா?

"சுகம் பார்த்தால் சுத்தம் வராது" என்பது மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சட்டம் போல நிலைத்துவிட்ட பேச்சு. படுவான்கரை முற்றத்தில் அம்மம்மா பேத்தியை அதட்டுகிறாள்: "நல்லாக் குனிஞ்சு கூட்டு புள்ள. நிமிந்து நிண்டு கூட்டுறதும் ஒரு கூட்டா கா?" எழுவான்கரைப் பட்டினங்களில் ஹோட்டல் மேற்பார்வையாளரும் பாடசாலை அதிபரும் பள்ளிவாசல் நிருவாகசபைக்காரரும் இதையே நாகரிகமான வார்த்தையில் சொல்கிறார்கள். தடி எதுவாக இருந்தால் என்ன, கை ஒழுங்காக வேலை செய்தால் போதும் என்கிறார்கள். கைப்பிடி உறுத்துகிறது, தடி கட்டையாக இருக்கிறது என்று ஒரு தொழிலாளி வாய்திறந்தால் அவருக்கு வேலைக் கள்ளம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கையை நான் முழுதாக மறுக்கிறேன். தொழிலாளியின் நாரி நோவை மட்டும் எடுத்துச் சொன்னால் "பாவம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவர்கள் பெரிதாக மதிக்கிற சுத்தத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். உடம்போடு ஒத்துப்போகாத தடி தரையையும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை. தும்புத்தடிக்கும் இது பொருந்தும், மொப்புக்கும் பொருந்தும், கார்ப்பெட் கழுவும் மெஷினின் உறிஞ்சு தடிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொருந்தும்.

முதலில் பாரத்தைப் பற்றிய கணக்கு. ஒரு ஈர்க்கு விளக்குமாறு அரைக் கிலோ வருமா, அதைத் தூக்கவா உடம்பு நோகிறது என்று கேட்கிறார்கள். குனிந்து கூட்டுகிறவள் தூக்கிப் பிடித்திருப்பது விளக்குமாற்றை மட்டுமல்ல. தலை, கைகள், நெஞ்சு, வயிறு என்று இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ எடையுள்ள பெண் குனிந்தால் 40 கிலோவுக்குக் கிட்டிய பாரம் இடுப்புக்கு முன்னால் தொங்குகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் முதுகுத் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஐந்தாறு சென்றிமீற்றர் தூரத்தில்தான் இருக்கின்றன. தொங்கும் பாரமோ அதைப் போலப் பல மடங்கு தள்ளி நிற்கிறது. சாதாரண தரத்தில் நெம்புகோல் படித்த பிள்ளையிடம் இந்த இரண்டு தூரத்தையும் கொடுத்துப் பாருங்கள், தசை எத்தனை மடங்கு இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். சுவீடனைச் சேர்ந்த எலும்பு வைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் முள்ளந்தண்டு வட்டத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தையே அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்தால், சற்று முன்னால் சாய்ந்த உடனேயே அது 150 ஆகிவிடுகிறது. கையில் ஒரு பொருளும் இல்லாமலே அவ்வளவு.

இதற்கு வருகிற பதில் எனக்குத் தெரியும். "அது உடற்பயிற்சி. எங்கட அம்மாமார் குனிஞ்சு கூட்டித்தானே எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க?" என்பார்கள். எண்பது வயது வரை இருந்த அம்மாவின் பின்னேரங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நல்லெண்ணெய்ப் போத்தலும் சுடுதண்ணீர் ஒத்தடமும் நினைவிருக்கும். அதை விட்டுவிட்டு உடம்பின் நியாயத்தையே கேட்போம். பயிற்சி என்றால் தசை இறுகும், தளரும், மறுகா இறுகும். அந்தத் தளர்ச்சியில்தான் தசைக்குள் இரத்தம் ஓடுகிறது. குனிந்தபடியே நிற்கும் முதுகுக்குத் தளர்ச்சி கிடையாது. இன்னும் ஆழமாகக் குனிந்தால் ஒரு கட்டத்தில் தசைகள் வேலையை விட்டுவிடுகின்றன, பாரம் முழுவதும் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களில் விழுகிறது. நெடுநேரம் இழுபட்ட நார் நிமிர்ந்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது, அதற்கு நேரம் வேண்டும். அதற்குள் அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போயிருப்பாள். நாரி பிடிப்பது பெரும்பாலும் அந்த வாளியில்தான். குற்றத்தை வாளியின் மேல் போட்டுவிட்டுக் கூட்டிய ஒரு மணிநேரத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

இனிக் கார்ப்பெட். இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கருவியின் சுகத்தையும் அதன் வேலையையும் பிரிக்கவே முடியாது என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஒடுங்கிய நிலத்துக்குக் கார்ப்பெட் பொருத்தமான விரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மண்ணுக்குப் பன்பாய் போதும். உதறி வெயிலில் போட்டால் முடிந்தது. ஆனாலும் கார்ப்பெட் வந்துவிட்டது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பல பள்ளிவாசல்களில் சுவருக்குச் சுவர், தொழுகை வரிசைக்கான ஸப்புக் கோடு போட்ட கார்ப்பெட் கிடக்கிறது. ஹோட்டல் மண்டபங்களிலும் தேவாலயப் பீடத்தின் முன்னாலும் அலுவலக மேலதிகாரிகளின் அறைகளிலும் கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாலும் காலோடு குருமணல் வரும். தொழுகைக்கு முன் வுழூச் செய்த ஈரக்கால் அதன்மேல் நடக்கும். கார்த்திகை பிறந்து தை முடியும்வரை மாரி, காற்றே ஈரமாக இருக்கும். இங்கே கழுவிய கார்ப்பெட் ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஸுஜூதில் நெற்றியும் மூக்கும் படுகிற இடம் அது. அந்தப் புளித்த வாடையோடு ஒரு மாதம் தொழுவது யாருக்கும் பிடிக்காது.

அப்படியானால் கார்ப்பெட் கழுவுகிற வேலையில் தண்ணீர் தெளிப்பதைவிட, தெளித்த தண்ணீரைத் திரும்ப எடுப்பதுதான் பெரிய காரியம். மெஷினில் ஒரு பம்ப் சவர்க்காரத் தண்ணீரைக் குழாய் வழியே அனுப்புகிறது. உறிஞ்சு தடியில் உள்ள விசையை அழுத்தினால் அடியிலுள்ள சிறு துளைகளால் அது பீச்சும். தடியின் அடிவாயில் ஓர் ஒடுங்கிய நீள்பிளவு இருக்கும், மோட்டார் அந்தப் பிளவு வழியாக அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும். அந்த வாய் கார்ப்பெட்டில் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தால்தான் உறிஞ்சல் வேலை செய்யும். ஒரு ஓரம் ஒரு நூல் கிளம்பினாலும் காற்று சுலபமான அந்த வழியால் நுழைந்துவிடும். மற்ற இடமெல்லாம் ஈரம் அப்படியே கிடக்கும்.

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு மண்டபத்தில் நடந்தது இதுதான். வேலை செய்தவர் குள்ளமான ஒரு ராத்தா. அவருக்குக் கொடுத்திருந்த உருக்குத் தடி உயரமான ஆணின் கைக்கு அளவெடுத்தது. மேல்பிடியைப் பிடிக்க அவருடைய முழங்கை தோளுக்குக் கிட்ட உயர்ந்து நின்றது. மற்றக் கையால் வளைந்த குழாயின் நடுப்பகுதியை அமத்திப் பிடித்தார். உயர்ந்த கையால் நேராகக் கீழே அழுத்த முடியாது, ஒரு பக்கமாகச் சரித்துத்தான் இழுக்க முடியும். ஒவ்வொரு இழுப்பிலும் தடியின் வலது ஓரம் கிளம்பியது, ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் இரண்டு விரல் அகலத்தில் கருமையான ஈரக்கோடு ஒன்று மிஞ்சியது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, "ராத்தா, இன்னும் அமத்தி இழுங்க" என்றார். அவர் அமத்தினார். கோடு போகவில்லை. தோளைத் தடவிக்கொண்டு அதே இடத்தை மூன்றாம் தடவை இழுத்தார். அந்தக் கோடுகளை உண்டாக்கியது தடியின் அளவு. ராத்தாவின் கையில் ஒரு குறையும் இல்லை. கைக்கு ஏற்ற உயரத்தில் பிடி இருந்திருந்தால் வாய் சமமாகப் படிந்திருக்கும், ஈரம் முதல் இழுப்பிலேயே போயிருக்கும், தோளும் தப்பியிருக்கும்.

"அமத்தி இழுங்க" என்ற அந்தப் புத்திமதிக்குப் பின்னால் ஒரு பிழையான இயந்திர அறிவு இருக்கிறது. பாரமான தடிதான் நன்றாக உறிஞ்சும், கையால் அழுத்த அழுத்தத் தண்ணீர் மேலே வரும் என்று நினைக்கிறார்கள். தடியைக் கார்ப்பெட்டோடு ஒட்டவைப்பது மோட்டாரின் உறிஞ்சல். வாய் சமமாகப் படிந்துவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தமே அதைக் கீழே பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் கையால் கொடுக்கும் அழுத்தம் உராய்வாகவே செலவாகிறது. இழுப்பவர் களைக்கிறார், களைத்த கை வேகத்தைக் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறது. வேகம் கூடினால் காற்று தண்ணீரைத் தூக்க நேரம் கிடைக்காது. ஆக, பாரமான தடி ஈரத்தைக் கூடுதலாக விட்டுவிட்டுப் போகிறது. இந்தத் தொழிலில் பழகியவர்கள் தண்ணீர் பீச்சி ஒரு இழுப்பு, பிறகு விசையை விட்டுவிட்டு வெறும் உறிஞ்சலாக இரண்டு இழுப்பு என்று மெதுவாகப் போவார்கள். மெதுவாகப் போவதற்குக் கையில் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். தெம்பை மிச்சம் வைப்பது நல்ல தடி.

உராய்வைக் குறைக்க உள்ள வழியும் சின்னதுதான். உருக்கு உதடு கார்ப்பெட் மயிரில் நேராக உரசாமல் இருக்க, வாயின் விளிம்பில் வழுக்கும் தெஃப்லோன் பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். தள்ளவும் இழுக்கவும் தேவையான பலம் அதனால் நன்றாகக் குறைந்துவிடும். துளையிட்ட பட்டை என்றால் வாய் ஒரே சீராகப் படிந்து, காற்று ஒடுங்கிய இடத்தால் வேகமாகப் போகும், உறிஞ்சலும் கூடும். முழு மெஷினின் விலையோடு பார்த்தால் இந்தப் பட்டையின் விலை அற்பம். ஆனால் மெஷினை வாங்கும்போது மோட்டார் எத்தனை குதிரைவலு என்று மூன்று தடவை கேட்கிறவர் தடியின் உதட்டைத் திருப்பிப் பார்ப்பதேயில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிழையான முடிவும் உண்டு, அதையும் மறுத்தாக வேண்டும். சுகமான தடி என்றால் விலை கூடிய, நீளமான, பளபளக்கும் வெளிநாட்டுத் தடி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். டைட்டேனியத்தில் செய்தால் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் இலங்கைப் பெண்ணின் சராசரி உயரம் 155 சென்றிமீற்றருக்குக் கிட்ட. ஆறடி அமெரிக்கருக்காக வளைத்த தடி டைட்டேனியத்தில் செய்யப்பட்டிருந்தாலும் அவளுக்கு உயரம்தான். அதுபோல இரண்டு அங்குலக் குழாய் ஒன்றரை அங்குலக் குழாயைவிட எப்போதும் மேல் என்ற நம்பிக்கையும் பிழை. பெரிய குழாய்க்குப் பெரிய காற்றோட்டம் வேண்டும். நம் ஊர்களில் கொண்டுதிரிகிற சிறிய மெஷின்களில் அதைப் பூட்டினால் குழாய்க்குள் காற்றின் வேகம் தளர்ந்து தண்ணீர் பாதிவழியில் நின்றுவிடும். ஆளுக்கும் மெஷினுக்கும் பொருந்துகிற தடிதான் நல்ல தடி. பிடியை மேலே கீழே நகர்த்திப் பூட்டக்கூடிய சாதாரணத் தடி, பொருந்தாத விலையுயர்ந்த தடியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கருவியை மாற்றினால் வேலை கெட்டுவிடும் என்ற வாதம் உலகத்தில் புதியதும் அல்ல. கலிபோர்னியாவின் லெட்டூஸ், பீட் தோட்டங்களில் மெக்சிக்கோத் தொழிலாளர் கையில் ஓரடிக்குச் சற்றுக் கூடிய பிடியுள்ள மண்கொத்தி ஒன்று இருந்தது. "எல் கோர்த்தித்தோ", அதாவது குட்டையன், என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை மடிந்து நின்றே கொத்த வேண்டும். நீளப் பிடி கொடுத்தால் பயிரை வெட்டிவிடுவார்கள், நுணுக்கம் போய்விடும், செலவு ஏறும் என்று தோட்டக்காரர் வாதாடினார்கள். குட்டைப் பிடியில் மேற்பார்வையாளருக்கு இன்னொரு வசதியும் இருந்தது: வயல் முழுவதும் முதுகுகள் மடிந்திருக்க, யாராவது நிமிர்ந்தால் தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். மோரிஸ் ஜூர்டேன் என்ற சட்டத்தரணியும் அவருடைய கூட்டத்தாரும் வைத்தியர்களின் சாட்சியத்தோடு வழக்காடினார்கள். 1975இல் கலிபோர்னிய உயர்நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது, குட்டையன் தடைசெய்யப்பட்டது. தோட்டங்கள் அழிந்துபோகவில்லை. லெட்டூஸ் இன்றைக்கும் அங்கே விளைகிறது. அழிந்தது ஏற்கெனவே மடிந்துபோன முதுகுகள் மட்டும்தான். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் தன் முதுகு நோவுக்கு அந்தக் கருவியைத்தான் காரணம் சொன்னார்.

தொழிலாளி மேல் இரக்கம் என்றால் நம்பாதவர்களுக்கு ஃபிரெடரிக் டெய்லரை நினைவூட்டுகிறேன். அவர் முதலாளிகளின் மனிதர். ஒரு ஆளிடமிருந்து இன்னும் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று கடிகாரம் வைத்து அளந்தவர். அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் ஆட்கள் ஒரே சவளால் பாரமான இரும்புத் தாதுவையும் அள்ளினார்கள், லேசான நிலக்கரித் துகளையும் அள்ளினார்கள். ஒரு அள்ளலில் 21 இறாத்தல் அளவுக்கு வந்தால்தான் ஒரு நாளின் மொத்த வேலை உச்சத்துக்குப் போகிறது என்று அவர் கண்டுபிடித்தார். தாதுவுக்குச் சின்னச் சவள், துகளுக்குப் பெரிய சவள் என்று வகைவகையாகச் செய்து கொடுத்தார். 1911இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. வேலையின் அளவைத் தவிர வேறொன்றையும் மதிக்காத அந்த மனிதர்கூடக் "கை ஒழுங்காக இருந்தால் போதும்" என்று சொல்லவில்லை, கருவியைத்தான் முதலில் மாற்றினார். நம் மேற்பார்வையாளர்களுக்கு அந்த அளவு கணக்காவது இருக்க வேண்டாமா?

கடைசியாக அவர்கள் எடுக்கும் ஆயுதம் இது: "நீளத் தடி வாங்கிக் குடுத்தம். அவங்களே அதை மூலையில சாத்திப்போட்டுக் குட்டையைத்தான் எடுக்கிறாங்க." இது உண்மை, நானும் கண்டிருக்கிறேன். ஆனால் சாத்திவைத்த அந்தத் தும்புத்தடியை ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். தும்புக்கட்டைக்குள் தடியைச் செருகி ஒற்றை ஆணி அடித்திருப்பார்கள். இரண்டாம் கிழமையே துளை அகண்டு தலை ஆடத் தொடங்கும். கூட்டுகிறவள் துளைக்குள் கடதாசியையோ சீலைத் துண்டையோ திணித்து இறுக்கியிருப்பாள். அப்படியும் ஒவ்வொரு வீச்சிலும் தலை ஒருபக்கம் திரும்பும், அதைத் திருப்பி வைக்க மணிக்கட்டை முறுக்க வேண்டும். கடைத் தடி மெல்லியது, சீவல் எழும்பிக் கையில் ஏறும். முதுகைக் காப்பாற்றப் போய் மணிக்கட்டைக் கொடுப்பதா என்று கணக்குப் பார்த்துத்தான் அவள் குட்டைக்குத் திரும்பினாள். மோசமாகச் செய்த நீளத் தடியை அவள் தள்ளிவைத்ததை எடுத்துக்கொண்டு, அவளுக்குக் குனிவதுதான் விருப்பம் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

குட்டை விளக்குமாற்றுக்கும் இடம் உண்டு. கட்டிலுக்கு அடியில், படிக்கட்டில், அலுமாரிக்குப் பின்னால் அது வேண்டும். அங்கே ஐந்து நிமிடம் குனிவதால் யாருக்கும் நாரி முறியாது. ஒரு மண்டபத்தையோ பாடசாலை வளவையோ முழுவதும் அதால் கூட்டச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். 2011 ஜனவரி வெள்ளம் வடிந்தபோது எத்தனையோ வீடுகளில் சேற்றை வழித்தெடுத்த பெண்கள் நாட்கணக்கில் மடிந்தே நின்றார்கள். அனர்த்த நிவாரணப் பொருட்களில் பாயும் வாளியும் இருக்கும். நல்ல பிடியோடு ஒரு ரப்பர் வழிகட்டையும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல.

இந்தப் பிழையெல்லாம் உண்மையில் நடப்பது கொள்வனவு மேசையில். மூன்று விலைமனு எடுக்கிறார்கள், குறைந்ததற்குக் கையொப்பம் வைக்கிறார்கள். "தும்புத்தடி 20, மொப் 10, கார்ப்பெட் மெஷின் 1" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்தத் தடி, என்ன நீளம், யார் பிடிக்கப் போகிறார் என்ற கேள்வி அந்தக் கடதாசியில் இல்லை. அதனால்தான் ஒரு தடிக்கு மிச்சம்பிடித்த சொற்பக் காசு, இரண்டாம் தடவை கழுவும் தண்ணீராகவும் சவர்க்காரமாகவும் காயாமல் நாறிய கார்ப்பெட்டாகவும் பல மடங்காகத் திரும்பிவருகிறது.

அந்தக் கடதாசியில் எழுத வேண்டியவை இவை. தும்புத்தடியும் மொப்பும் தரையில் நிறுத்தினால் பிடிப்பவரின் நாடி உயரத்துக்கு வர வேண்டும். ஊர்த் தச்சரிடம் சொன்னால் உயரத்துக்கு ஏற்ற மூன்று அளவில் தடி சீவிக் கொடுப்பார். பிடியின் குறுக்களவு 30 முதல் 40 மில்லிமீற்றர், மேற்பரப்பு இழைத்ததாக. தலையை ஒற்றை ஆணியில் விடாமல் திருகு போட்டு இறுக்க வேண்டும். கார்ப்பெட் மெஷினின் உறிஞ்சு தடிக்கு நகர்த்திப் பூட்டும் பிடி, இரண்டு விரலாவது சேர்த்து அழுத்தக்கூடிய விசை, கழற்றி மாற்றக்கூடிய வழுக்குப் பட்டை. விற்பவர் மெஷினைக் கொண்டுவந்து காட்டும்போது மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேட்பது பரிசோதனை ஆகாது. பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றை நனைத்துப் போட்டு, நாளைக்கு அந்த வேலையைச் செய்யப் போகிறவரின் கையிலேயே தடியைக் கொடுத்துப் பத்து நிமிடம் இழுக்க விடுங்கள். முழங்கை எங்கே நிற்கிறது, முதுகு எவ்வளவு மடிகிறது, இழுப்புக்குப் பின்னால் ஈரக்கோடு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியைக் கார்ப்பெட்டில் வைத்துக் காலால் மிதித்து எடுங்கள். அது எவ்வளவு நனைந்தது என்பதையும், அவர் தோளைத் தடவினாரா என்பதையும் பார்த்துவிட்டு எந்த விலைமனு என்று முடிவெடுக்கலாம்.